வீட்டிலேயே பூ வேலை செய்ய இடமும் கருவிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண மாலை, பூ ஜடை, மேசைக்குப் பூஞ்சாடி, வாசலுக்கு உருளி என்று வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் செய்பவர்கள் இப்போது நிறையப் பேர். பூ கட்டத் தெரிந்த கைகளுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. ஆனால் நாலு முழம் கட்டுவது வேறு, ஒரு கல்யாணத்துக்கு மொத்தமாகச் செய்து கொடுப்பது வேறு. இரண்டாவதற்கு ஒழுங்கான ஒரு வேலை இடம் வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் கருவிகளைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நான் இடத்திலிருந்து தொடங்குகிறேன். கத்தரி சுமாராக இருந்தாலும் வேலை நடக்கும், பூ வாடிவிட்டால் ஒன்றுமே நடக்காது.

தனி அறை வேண்டுமா?

வேண்டாம். ஆறுக்கு எட்டடி இடம் கிடைத்தாலே ஒருவர் தாராளமாக வேலை செய்யலாம். பக்கத்தில் குழாய் இருக்க வேண்டும், மேற்கு வெயில் படக்கூடாது, தரையில் தண்ணீர் சிந்தினால் கவலைப்படாத இடமாக இருக்க வேண்டும். பின்கட்டுத் தாழ்வாரம், கிணற்றடியை ஒட்டிய திண்ணை, சமையலறைக்கு வெளியே உள்ள வேலைப்பகுதி எல்லாமே சரிப்படும்.

மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு அதில் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். நம் ஊர் மே மாதத்தில் தகரத்துக்குக் கீழே ஒரு மணி நேரம் இருந்தால் ரோஜா தலை தொங்கிவிடும்.

வெயிலைத் தவிர இன்னொரு எதிரியும் உண்டு. பழுக்கிற பழங்கள் எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. வண்டிப் புகையிலும், சாம்பிராணி, ஊதுபத்திப் புகையிலும்கூட அது இருக்கிறது. கார்னேஷன், ஆர்க்கிட் போன்ற பூக்கள் இந்த வாயு பட்டாலே சீக்கிரம் சுருங்கிவிடும். ஆகவே வாழைத்தார் தொங்கும் மூலை, பைக் நிறுத்தும் போர்டிகோ, பூஜை அறை வாசல் மூன்றையும் விட்டு விடுங்கள்.

தரையில் உட்கார்ந்து செய்வதா, மேசையில் நின்றுகொண்டா?

இரண்டும் வேண்டும். சரம் தொடுப்பது, மாலை கட்டுவது, ஜடை தைப்பது எல்லாம் தரை வேலை. நாரின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு இழுத்துக் கட்டும் பழக்கத்தை மேசைக்கு மாற்ற முடியாது. மாற்றவும் தேவையில்லை. காலில் மாட்ட விருப்பமில்லாதவர்கள், முக்கியமாக கோயிலுக்குக் கட்டுபவர்கள், கனமான பலகையில் ஒரு ஆணி அடித்து அதில் நாரைக் கட்டிக்கொள்ளலாம். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற மாதிரி உட்காருங்கள். கீழே பாய் போட்டு, அதன்மேல் நான்காக மடித்த பழைய போர்வையும் போட்டால் இடுப்பு தாங்கும். முட்டிவலி உள்ளவர்கள் ஆறங்குல உயரப் பலகையில் உட்கார்ந்தால் கால் மடக்கும் கோணம் குறையும்.

பூஞ்சாடி, பூங்கொத்து, மேடை அலங்காரத்துக்கான தட்டுகள் நின்றுகொண்டு செய்கிற வேலை. அவற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துச் செய்ய வேண்டும், உட்கார்ந்தால் ஒரு பக்கம்தான் தெரியும். மேசையின் உயரத்தைக் கடைக்காரர் சொல்கிறபடி வாங்காதீர்கள். நேராக நின்று கையை மடக்கினால் முழங்கை எங்கே வருகிறதோ, அதற்கு நாலைந்து அங்குலம் கீழே பலகை இருக்க வேண்டும். பெரும்பாலான பெண்களுக்கு இது சுமார் மூன்றடி வரும். உயரமான சாடியில் வேலை என்றால் இன்னும் தாழ்வான மேசை நல்லது. இல்லாவிட்டால் தோள் தூக்கியே இருக்கும், மறுநாள் கை வராது.

மேசை மேல்பலகைக்குக் கிரானைட் துண்டு, கடப்பாக்கல், துத்தநாகத் தகடு எது போட்டாலும் சரி. சாதாரணப் பிளைவுட் ஈரத்தில் உப்பிவிடும்.

விளக்கும் மின்விசிறியும் எப்படி இருக்க வேண்டும்?

மஞ்சள் பல்புக்கு அடியில் வெள்ளைச் செவ்வந்தியும் வெளிர் மஞ்சள் செவ்வந்தியும் ஒன்றுபோலத் தெரியும். பகல் வெளிச்ச நிறத்தில் வரும் எல்இடி டியூப் போடுங்கள். பெட்டியில் 4000 முதல் 5000 கெல்வின் வரை போட்டிருந்தால் போதும். கைநிழல் பூவின் மேல் விழாதபடி, தலைக்கு நேர் மேலே இல்லாமல் சற்று முன்னால் மாட்டச் சொல்லுங்கள்.

மின்விசிறி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். கட்டிய சரத்தின் மேல் நேராகக் காற்றடித்தால் இதழ் ஓரம் சீக்கிரமே காய்ந்துவிடும். நமக்கு வியர்த்தால், சிறு டேபிள் ஃபேனை நம் முதுகுப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். பூவின் மேல் ஈரத்துணி மூடியிருக்க வேண்டும்.

தண்ணீர் எந்தத் தண்ணீர்? தெளிக்கலாமா?

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் சாடிப் பூக்கள் சீக்கிரம் சோர்கின்றன. சாடிக்கும் வாளிக்கும் குடிக்கிற தண்ணீரோ சேமித்த மழைநீரோ ஊற்றுங்கள். தரை கழுவ, கை கழுவ மட்டும் போர் தண்ணீர் போதும்.

காம்புள்ள பூக்களை மார்க்கெட்டிலிருந்து கொண்டுவந்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான். தண்ணீருக்குள் முங்கும் இலைகளை எல்லாம் உருவி எடுத்து, காம்பின் அடியில் ஓரங்குலம் சாய்வாக வெட்டி, உடனே வாளித் தண்ணீரில் நிறுத்த வேண்டும். வெட்டிய பிறகு பேசிக்கொண்டே வைத்திருந்தால் காம்புக் குழாய்க்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும், பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பூவுக்கு ஏறாது. ரோஜாவைத் தண்ணீருக்கு உள்ளேயே வைத்து வெட்டுவது இன்னும் நல்லது. இரண்டு மூன்று மணி நேரமாவது இப்படி நிழலில் நின்ற பிறகுதான் வேலையில் எடுக்க வேண்டும்.

வாளி சுத்தம் மிக முக்கியம். நேற்றைய வாளியின் வழவழப்பில் இருப்பதெல்லாம் கிருமி, அதுதான் காம்பை அடைக்கிறது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் ப்ளீச் கலந்த தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் கவிழ்த்துவிடுங்கள். வாளித் தண்ணீரில் சர்க்கரை போடுவது பூவுக்கு உணவு என்று சொல்வார்கள். சர்க்கரை மட்டும் போட்டால் கிருமிக்கும் அது உணவாகிவிடும். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரையுடன் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் சேர்த்து, தினமும் தண்ணீர் மாற்றினால் பலன் உண்டு. ப்ளீச்சையும் எலுமிச்சையையும் சேர்த்துக் கலக்க வேண்டாம்.

உதிரிப்பூவுக்குக் கணக்கு வேறு. மல்லியின் மேல் தண்ணீரைத் தெளித்து அப்படியே கவரில் கட்டினால் சில மணி நேரத்தில் பழுப்பேறிவிடும். துணிதான் ஈரமாக இருக்க வேண்டும், பூ ஈரமாக இருக்கக்கூடாது. பிழிந்த பருத்தித் துணி, இல்லாவிட்டால் வாழை இலை. இரண்டில் எது என்றால் என் ஓட்டு வாழை இலைக்கு.

முதலில் வாங்க வேண்டிய கருவிகள் என்னென்ன?

இரண்டு கத்தரி. ஒன்று தோட்டத்தில் கிளை வெட்டும் கத்தரி, ரோஜா போன்ற தடித்த காம்புகளுக்கு. இன்னொன்று சின்னது, நூலுக்கும் நாருக்கும் மட்டும். தையல் கத்தரியால் ரோஜாக் காம்பை வெட்டினால் காம்பு நசுங்கும், கத்தரியும் வீணாகும். அப்புறம் மடக்குக் கத்தி ஒன்று, நல்ல கூராக. கூர் போன கத்தியால்தான் கை வெட்டுப்படும், அழுத்தம் அதிகம் கொடுப்பதால்.

மாலை ஊசி நீளத்தில் ஒன்று, குட்டையாக ஒன்று. கையால் அழுத்தித் தெளிக்கும் ஸ்ப்ரேயர் ஒன்று. ரோஜா முள் எடுக்க முரட்டுச் சாக்குத் துண்டே போதும். முள் நீக்கும் கருவிகள் கடையில் கிடைக்கின்றன, ஆனால் அழுத்தி இழுத்தால் காம்பின் தோலும் சேர்ந்து உரிந்துவிடும். உயரமான வாளி நாலைந்து, அகலமான மூங்கில் தட்டு இரண்டு, பழைய வெள்ளை வேட்டிகள் எத்தனை கிடைத்தாலும். கலர்த்துணி வேண்டாம், சாயம் பூவில் ஏறும்.

பூங்கொத்து செய்பவர்களுக்குக் கம்பியும் பச்சை டேப்பும் தேவை. கம்பியில் எண் கூடக் கூடப் பருமன் குறையும். 18 தடிமனானது, 26 முடிபோல மெல்லியது. ரோஜாத் தலையைத் தாங்க 20, 22 பார்த்து வாங்கலாம். பச்சை டேப் இழுத்துச் சுற்றினால்தான் ஒட்டும். சும்மா சுற்றிவிட்டு ஒட்டவில்லை என்று தூக்கிப் போடாதீர்கள்.

க்ளூ கன் அவசரத்துக்கு உதவும், ஆனால் சூடான பசை பட்ட இதழ் கருகும். தட்டு, அட்டை, ரிப்பன் ஒட்டுவதோடு அதை நிறுத்திக்கொள்வது நல்லது.

நாரில் கட்டுவதா, நூலிலா?

இதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. தலையில் வைக்கிற சரத்துக்கு வாழை நார்தான். நார் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, முடிச்சு மென்மையாக இறுகுகிறது, மல்லியின் குழாய் போன்ற காம்பை அறுப்பதில்லை. நைலான் நூல் அறுத்துவிடும். மாலையாகும்போது பளு கூடுவதால் நார் மட்டும் தாங்காது, முறுக்கிய பருத்தி நூல் உள்ளே ஓட வேண்டும்.

நாரை அப்படியே எடுத்துக் கட்டினால் படபடவென்று அறுந்துவிடும். வேலைக்கு அரை மணி நேரம் முன்னதாகத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழிந்து, ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஒவ்வொன்றாக உருவ வேண்டும். வீட்டில் வாழை இருந்தால் கடையில் வாங்கத் தேவையே இல்லை. குலை வெட்டிய மரத்தின் வெளி மட்டைகளை உரித்து, நிழலில் காயவைத்து, சீராகக் கிழித்துக் கட்டாகக் கட்டி வைத்தால் மாதக்கணக்கில் வரும். ஈரமில்லாத இடத்தில் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

எல்லாப் பூவையும் தொடுக்க முடியாது, எல்லாவற்றையும் கோர்க்கவும் கூடாது. மல்லி, முல்லை, பிச்சி, கனகாம்பரம், மரிக்கொழுந்து ஆகியவை தொடுக்கிற பூக்கள். சம்பங்கி, செவ்வந்தி, ரோஜா, அரளி ஆகியவற்றைக் கோர்க்கலாம். கோர்க்கும்போது ஊசியில் துளி தேங்காய் எண்ணெய் தடவினால் பூவின் நடுவில் கிழியாமல் வழுக்கிப் போகும். குமரி மாவட்டம் தோவாளையின் மாணிக்க மாலை இந்த இரண்டுக்கும் அப்பாற்பட்ட கலை. அரளியையும் நொச்சி இலையையும் மடித்து மடித்துப் பாய் முடைவதுபோல் தட்டையாகப் பின்னுவார்கள். 2025இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கற்றுக்கொள்ள விரும்பினால் தோவாளைக்கே போய், கட்டுபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் வழி.

வீட்டு பிரிட்ஜில் பூ வைக்கலாமா?

சமையல் பிரிட்ஜில் ஆப்பிளும் மாம்பழமும் இருந்தால் கூடாது, மேலே சொன்ன எத்திலீன்தான் காரணம். தொடர்ந்து ஆர்டர் வருகிறது என்றால் பூவுக்கென்றே பழைய பிரிட்ஜ் ஒன்று வாங்கிவிடுங்கள். உங்கள் பணத்தில் முதல் பெரிய செலவு இதுவாக இருக்கட்டும். ஒற்றைக் கதவு, ஐஸ் கட்டிப் பிடிக்கும் பழைய வகையே மேல். தானாக ஐஸ் உருகும் வகையில் உள்ளே விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், அது பூவின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

மொட்டு மல்லியையும் கட்டிய சரத்தையும் வாழை இலையில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில், ஃப்ரீசரிலிருந்து தள்ளிக் கீழ்த்தட்டில் வையுங்கள். குளிர் நேராகப் பட்ட இதழ் கண்ணாடி மாதிரி ஆகி, வெளியே எடுத்ததும் கருத்துவிடும். ரோஜாவும் கார்னேஷனும் நாலைந்து டிகிரி குளிரில் நன்றாக இருக்கும். ஆர்க்கிட், ஆந்தூரியம், ஹெலிகோனியா மூன்றும் வெப்ப நாட்டுப் பூக்கள், பிரிட்ஜின் குளிரே அவற்றைக் கெடுத்துவிடும். வீட்டின் குளிர்ந்த மூலையில் தண்ணீரில் நிற்கட்டும்.

பிரிட்ஜ் வாங்கும் வரை தெர்மாகோல் பெட்டி போதும். அடியில் ஐஸ் பாக்கெட், அதன்மேல் நாலைந்து மடிப்பு செய்தித்தாள், அதன்மேல் இலை, பிறகு பூ. மார்க்கெட்டிலிருந்து வந்த மல்லி மூட்டையைக் கட்டவிழ்க்காமல் வைப்பதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. பறித்த பிறகும் மொட்டு மூச்சு விடுகிறது, குவியலின் நடுவில் சூடு ஏறும். வந்ததும் வராததுமாகத் தட்டில் பரப்பிவிடுங்கள்.

பூ குத்தும் பச்சை ஸ்பாஞ்ச் இல்லாமல் முடியுமா?

முடியும், இயன்றவரை இல்லாமலே செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். அந்தப் பச்சைக் கட்டி 1954இல் அமெரிக்காவில் வெர்னான் ஸ்மித்தர்ஸ் என்பவர் கொண்டுவந்தது. அது ஒரு வகை பிளாஸ்டிக். மக்காது, பொடிப்பொடியாக உதிர்ந்து சாக்கடைத் தண்ணீரோடு போய்விடும். வேலை செய்பவரின் மூக்குக்கும் அந்தத் தூசி நல்லதில்லை.

நம்மிடமே நல்ல மாற்று இருக்கிறது. வாழைத் தண்டை இரண்டடித் துண்டாக வெட்டிப் படுக்க வைத்து, அதில் நேராகப் பூவைக் குத்தலாம். உள்ளே நீர் நிறைந்திருப்பதால் ஒரு நாள் விசேஷத்துக்குத் தாராளமாகத் தாங்கும். வழவழத்த காம்பு உள்ள பூக்களுக்கு முதலில் மூங்கில் குச்சியால் துளை போட்டுக்கொள்ள வேண்டும். அகலமான சாடிக்குக் கோழி வலையைப் பந்துபோல் சுருட்டி உள்ளே திணித்தால் காம்புகள் நின்ற இடத்தில் நிற்கும். தட்டையான தட்டுக்கு ஜப்பானியர்கள் இகெபானா என்ற தங்கள் பூ அலங்காரக் கலையில் பயன்படுத்தும் கென்சான், அதாவது கனமான உலோக அடியில் ஊசிகள் நெருக்கமாக நிற்கும் சின்ன வட்டு. ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் வரும்.

வாடிக்கையாளர் கேட்டே தீர்கிறார், ஸ்பாஞ்சில்தான் செய்தாக வேண்டும் என்றால் இரண்டு விஷயம். அதைத் தண்ணீர் மேல் மிதக்க விடுங்கள், தானாக மூழ்கட்டும். கையால் அழுத்தினால் நடுவில் காய்ந்த காற்றுப் பை நின்றுவிடும், அங்கே குத்திய பூ முதலில் சாகும். ஒரு ஓட்டையிலிருந்து உருவிய பூவை அதே ஓட்டையில் திரும்பக் குத்தவும் கூடாது.

கல்யாண மாலைக்கும் பூ ஜடைக்கும் தனியாக என்ன வேண்டும்?

சுவரில் இரண்டு உறுதியான கொக்கிகள், ஆள் உயரத்துக்கு மேலே. மாலையைத் தொங்கவிட்டுப் பார்த்தால்தான் இரண்டு பக்கமும் சமமா, குஞ்சம் சரியாக விழுகிறதா என்று தெரியும். தரையில் நேராக இருக்கும் மாலை தோளில் ஏறியதும் திருகிக்கொள்ளும்.

ஜடைக்கு ஒரு நீண்ட பலகை, அதில் அங்குலக் கோடு போட்டிருந்தால் மிக உதவி. அடியாக அட்டையை வெட்டித் தைப்பவர்கள் அதிகம், வாழை மட்டையைச் சீவித் தைப்பவர்களும் இருக்கிறார்கள். மட்டை வளைந்து கொடுக்கும், ஈரமும் காக்கும். பெண்ணின் முடி நீளத்தை முன்கூட்டியே அளந்து வாங்கிவிடுங்கள். போட்டோ பார்த்து ஊகிக்க வேண்டாம்.

பட்டுப்புடவையை நினைவில் வையுங்கள். நீலம், பச்சை என்று சாயமேற்றிய பூக்களை ஈர டிஷ்யூவில் ஒற்றிப் பாருங்கள். நிறம் இறங்கினால் அந்தப் பூ மாலைக்கு வேண்டாம். லில்லி விரியத் தொடங்கியதும் உள்ளிருக்கும் மகரந்தத் தண்டுகளைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். அந்தக் காவித்தூள் துணியில் பட்டால் தண்ணீர் விட்டுத் தேய்க்காமல் செல்லோடேப்பால் ஒற்றி எடுங்கள்.

பூ எங்கே வாங்குவது?

உங்களுக்கு அருகில் உள்ள மொத்த மார்க்கெட்டில், விடியற்காலையில். மல்லிக்கு மதுரை மாட்டுத்தாவணி, நிலக்கோட்டை, சத்தியமங்கலம். மதுரை மல்லிக்கு 2013லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ரோஜாவும் ஜெர்பராவும் ஓசூர்ப் பக்கத்திலிருந்தும், கார்னேஷன் நீலகிரியிலிருந்தும் வருகின்றன. சென்னைக்காரர்களுக்குக் கோயம்பேடு. முகூர்த்த நாளில் தேவை கூடியும், பனி விழும் மார்கழி, தை மாதங்களில் வரத்து குறைந்தும் மல்லி விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். ஆர்டர் பேசும்போதே பூ விலை அன்றைய மார்க்கெட் விலை என்றும், கூலி தனி என்றும் சொல்லிவிடுவது இரு பக்கத்துக்கும் நல்லது.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது என்ன?

அரளி. அதன் பூ, இலை, காம்பு, பால் எல்லாமே நஞ்சு. இதயத்தைப் பாதிக்கும். அரளி வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள், குழந்தைக்கு ஊட்டாதீர்கள். கழிவை ஆடு மாடு மேயும் இடத்தில் கொட்டாதீர்கள். மற்றபடி, பண்ணை ரோஜாவுக்கு மருந்து அடித்திருப்பார்கள் என்பதால் இலை உருவும்போது கையுறை போடுவது நல்லது. கம்பித் துண்டு, குண்டூசிக்கு ஒரு காந்தம் வாங்கி வையுங்கள். வேலை முடிந்து தரையில் ஒருமுறை ஓட்டினால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

கழிவை என்ன செய்வது?

நார், இலை, பூ ஒரு தொட்டியில் மக்கட்டும். ஜிகினா, நைலான், டேப், கம்பி வேறு பையில். அரளியைத் தனியாகக் குழி தோண்டிப் போடுங்கள்.

காலை ஆறு மணி முகூர்த்தம். முந்தின நாள் எப்படி வேலை ஓட வேண்டும்?

முந்தின நாள் விடிகாலையில் பூ வீட்டுக்கு வந்துவிட வேண்டும். காலையில் காம்புப் பூக்களுக்கு வெட்டும் தண்ணீரும், உதிரிப்பூவுக்குப் பரப்பலும். மல்லி மொட்டு மாலையில்தான் விரியத் தொடங்கும் என்பதால் மதியத்துக்குள் தொடுத்து முடித்துக் குளிரில் வைத்துவிட வேண்டும். மதியத்துக்கு மேல் ஜடைத் தையல், ஏனென்றால் அதுதான் கண்ணுக்கு வேலை, பகல் வெளிச்சம் இருக்கும்போதே முடிய வேண்டும். இரவில் மாலை. ரோஜா இதழ் சேரும் வேலைகளைக் கடைசிக்கு வையுங்கள்.

கொண்டுபோக அட்டைப்பெட்டிக்குள் வாழை இலை விரித்து, மாலையை வட்டமாகச் சுருட்டி, ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். காரில் வெயில் படும் பக்கத்தில் வேண்டாம், டிக்கியிலும் வேண்டாம், பின் இருக்கையின் கீழே வையுங்கள். கூடவே ஒரு சிறு பையில் ஊசி, நூல், ஊறவைத்த நார், கத்தரி, ஹேர்பின், கால் கிலோ உதிரிப்பூ. மண்டபத்தில் யாராவது கட்டிப்பிடித்து வாழ்த்துவார்கள், மாலையில் ஓரிடம் பிய்ந்துவிடும். அங்கேயே நின்று தைத்துக் கொடுக்க இது வேண்டும்.